தலை துண்டான நிலை

"தலை துண்டாயிடுச்சுன்னு வருது சார்" என்றாள் அந்த மாணவி. கல்லூரிக் கணினிக்கூடத்தில் பிற்பகல் வேளை. அருகில் சென்று பார்த்தோம். கறுப்புத் திரையில் பதினைந்து வரி ஆங்கிலம். முதல் வரியில் 'டிட்டாச்டு ஹெட்' என்றிருந்ததைத்தான் அவள் தன் அறிவுக்கெட்டியவாறு தமிழாக்கியிருந்தாள். மற்ற பதினான்கு வரிகளை அவளும் படிக்கவில்லை, உண்மையைச் சொன்னால் நாங்களும் படிக்கவில்லை. "ஒன்றும் ஆகாது, வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டோம். இலக்கணம் நடத்தப் போனோம் என்பதுதான் இதில் வேடிக்கை.

இலக்கிய வாசகர்களுக்கு இந்தக் கணினிக் கதை எதற்கு என்று தோன்றலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் மூவர், மாணவர் சிலரையும் சேர்த்துக்கொண்டு, தோல் பதனிடும் தொழிலின் சொற்களைத் தொகுத்து வருகிறோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையை ஒட்டி நீளும் இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டார்கள். 1970களில் பதனிட்டும் முற்றுப்பெறாத தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையான தோலும் காலணியும் செய்யத் தூண்டியபின் குரோமியமும் சுழலும் டிரம்மும் பெருகின. குழி போய் டிரம் வந்தபோது குழியைச் சுற்றியிருந்த சொற்களும் போகத் தொடங்கின. பட்டைக் குழியில் இறங்கி வேலை செய்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் சென்று கேட்டுப் பதிவு செய்து, வீடு திரும்பித் தட்டச்சு செய்வது மாணவர்களின் வேலை. அம்மாணவர்களில் பலருடைய தாய்மார் காலையில் நிறுவனப் பேருந்தேறிக் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள்.

ஆறேழு பேர் ஒரே சொற்பட்டியலில் கை வைப்பதால், கணினித்துறை நண்பர் ஒருவர் 'கிட்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தச் சொன்னார். லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில், தாம் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் கருவியின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதால், அவசரமாக எழுதத் தொடங்கிய கருவி இது. அதே ஆண்டு சூலை முதல் ஜூனியோ ஹமானோ அதைப் பேணி வருகிறார். இது செய்வது என்ன என்று தமிழ் படித்தவருக்குச் சொல்வது எளிது. பாடபேதங்களைக் காப்பது. யார், எப்போது, எந்தச் சொல்லை எப்படி மாற்றினார், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை ஒன்றுவிடாமல் வைத்திருப்பது. இருபது ஏட்டுச்சுவடிகளைப் பக்கத்தில் பரப்பிக்கொண்டு அடிக்குறிப்பில் வேறுபாடம் எழுதிய பதிப்பாசிரியர் கண்ணுக்கு இது ஒரு வரமாகவே பட்டிருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். அந்த மாணவி, பழைய பதிவொன்றில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் எழுதியிருந்தோம் என்று பார்ப்பதற்காகப் பின்னோக்கிப் போயிருக்கிறாள். பார்த்துவிட்டு நிகழ்காலத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று வேலையைத் தொடர்ந்திருக்கிறாள். பழைய ஏட்டைப் பிரித்து, அதன் ஓரத்திலேயே புதிதாக எழுதத் தொடங்கியதைப் போல. 'தலை துண்டான நிலை' என்பது அவ்வளவுதான். நீங்கள் எந்தக் கிளையின் நுனியிலும் இல்லை, இங்கே எழுதுவது எந்தக் கிளையிலும் சேராது என்பதே பொருள். நான்கு நாள் அப்படியே எழுதி, அவ்வப்போது 'கமிட்'டும் செய்து, ஐந்தாம் நாள் முதன்மைக் கிளைக்குத் திரும்பினாள். நான்கு நாள் வேலையும் காணவில்லை. பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்ன நாற்பது சொற்கள் அதில் இருந்தன. கைப்பேசியில் இருந்த ஒலிப்பதிவை, இடம் போதவில்லை என்று அவள் ஏற்கெனவே அழித்திருந்தாள். மறுபடி கேட்கலாம் என்றால், அதற்கு முந்தைய வாரம்தான் அவர் காலமாகியிருந்தார்.

அவள் அதை எங்களிடம் சொல்லவே இல்லை. கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து, வேறொரு மாணவர் வழியாகச் செய்தி வந்தது. கணினிக்கூட உதவியாளர் 'ரெஃப்லாக்' என்றொரு கட்டளை கொடுத்து ஐந்து நிமிடத்தில் நாற்பது சொற்களையும் மீட்டுத் தந்தார். எந்தக் கிளையையும் சாராத இத்தகைய வேலையின் சுவட்டைக் கிட் இயல்பாக முப்பது நாள் வைத்திருக்கும், அதன்பின் துடைத்துவிடக்கூடும் என்று அவர் சொன்னபோது நாங்கள் நாட்களை எண்ணிப் பார்த்தோம். இருபத்திரண்டு.

இதில் எங்களை உறுத்தியது வேறொன்று. அவள் முதன்மைக் கிளைக்குத் திரும்பிய கணத்தில், கிட் அவளிடம் அனைத்தையும் சொல்லியிருக்கிறது. எந்தக் கிளையோடும் இணையாத இத்தனை கமிட்டுகளை விட்டுச் செல்கிறீர்கள் என்று எண்ணிக்கையோடு எச்சரித்து, அவற்றைப் பெயரோடு பட்டியலிட்டு, காக்க விரும்பினால் இந்தக் கட்டளையைக் கொடுங்கள் என்று கட்டளையையும் எழுதிக்காட்டியிருக்கிறது. பிறகு அந்தச் செய்தியை நாங்களே வரவழைத்துப் படித்துப் பார்த்தோம். நல்ல செய்தி. அத்துறையில் அதைவிட நல்ல செய்திகள் குறைவு என்றே சொல்வார்கள். ஆயினும் அதன் நடையைக் கவனியுங்கள். புதிய கிளை அமைத்து அவற்றைக் காக்க 'இது ஒரு நல்ல தருணமாக இருக்கலாம்' என்கிற தொனியில் அது பேசுகிறது. ஆங்கிலேயர் தேநீர் மேசையில் கூறும் உபசாரம். வீடு பற்றி எரியும்போது, 'வெளியே உலாவி வர இது தக்க வேளையாக இருக்கக்கூடும்' என்று யாரேனும் நம்மிடம் சொல்வார்களா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அந்த மென்மைக்குள் இருக்கும் அவசரத்தை உணர்வார். ஆம்பூரில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளைக்கு அது உணரத்தக்கதன்று.

ஆக, நல்ல செய்தியே தோற்றது. மோசமான செய்திகளின் கதியைக் கேட்கவே வேண்டாம். இவ்வட்டாரக் கல்லூரி மாணவர் எவரைக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள், 'சோர்ஸ் ரெஃப்ஸ்பெக் மாஸ்டர் டஸ் நாட் மேட்ச் எனி'. பழைய பாடக்குறிப்பைப் பார்த்து, செய்த வேலையை 'மாஸ்டர்' கிளைக்கு அனுப்பு என்று கட்டளையிடுகிறார் மாணவர். 2020 அக்டோபர் முதல் கிட்ஹப் தளம் புதிய களஞ்சியங்களின் முதன்மைக் கிளைக்கு 'மெயின்' என்று பெயரிட்டு வருகிறது. ஆகவே மாஸ்டர் என்றொரு கிளையே அவரிடம் இல்லை. அல்லது, இன்னும் ஒரு கமிட்கூடச் செய்யவில்லை. இவ்விரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். "மாஸ்டர் என்ற பெயரில் இங்கே கிளை இல்லை, இருப்பது மெயின்" என்றால் முடிந்தது காரியம். அதைச் சொல்லாமல் 'ரெஃப்ஸ்பெக்' என்று ஒரு சொல்லை எறிகிறது கருவி. இது ஆங்கிலம் தெரியாததால் வரும் இடர்ப்பாடு அன்று. இலண்டன் மாணவருக்கும் அது புரியாது. தச்சர் தம் பட்டறைக்குள் பேசும் குழூஉக்குறியை, நாற்காலி வாங்க வந்தவரிடம் பேசுவது போன்றது அது. குழூஉக்குறியை இலக்கணம் தகுதி வழக்கில் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது, குழுவினர் தமக்குள் வழங்கும் வரை.

இந்த இரண்டு தோல்விகளையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் 'எல்லாவற்றையும் தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் போதும்' என்ற எளிய தீர்வுக்கு நம்மவர்கள் ஓடுகிறார்கள். ரெஃப்ஸ்பெக்கைத் தமிழாக்கினால் 'மேற்கோள் விவரக்குறிப்பு' என்றோ வேறேதோ வரும். மாணவர் முன்பு ஆங்கிலத்தில் விழித்தார், இனித் தமிழில் விழிப்பார்.

பிழையைச் சொல்வது எப்படி என்பதில் நம் மரபுக்கு நீண்ட பழக்கம் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பெரிதும் வழுவைப் பற்றிய இயலே. திணை, பால், இடம், காலம், மரபு, செப்பு, வினா என்று ஏழு வகை வழு. (இன்று கணினித் தமிழில் 'பக்' என்பதற்கு 'வழு' என்ற சொல் நிலைத்துவிட்டது. யார் முதலில் வைத்தாரோ, அவர் கைக்குப் பொன்வளை போடலாம்.) உரையாசிரியர்கள் ஒரு தொடரை வழு என்று தள்ளுவதோடு நிற்பதில்லை. எந்த இடத்தில் வழுவியது, ஏன் வழு, வழாநிலை எது, எங்கே அதையே அமைதியாகக் கொள்ளலாம் என்று நான்கையும் சொல்லி மாணவனை அனுப்புகிறார்கள். கருவி எழுதுவோர் 'எரர்', 'வார்னிங்' என்று பிரிப்பது ஏறத்தாழ நம் வழு, வழுவமைதிப் பாகுபாடுதான்.

நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பகுத்தது இன்னும் பொருந்துகிறது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடைகள். பின்னைய ஐந்தும் நேரடி விடையல்ல, ஆயினும் விடையின் பயனைத் தருவதால் விடையாகக் கொள்ளப்பட்டவை. கிட் கருவியின் செய்திகளை இந்த எட்டில் பொருத்திப் பார்த்தோம், வகுப்பில் ஒரு விளையாட்டாக. கட்டளை நிறைவேறினால் அது பல வேளைகளில் மௌனம் காக்கிறது. நேர் விடை இல்லை. 'இது கிட் களஞ்சியம் அன்று' என்பது மறை. கட்டளையைத் தப்பாக எழுதினால், இதற்கு மிக நெருங்கிய கட்டளை இது என்று ஒன்றைக் காட்டுகிறதே, அது இனமொழி. அவ்விடத்தில் மாணவர்கள் சிரித்துவிட்டார்கள், கருவிக்கு நன்னூல் தெரிந்திருக்கிறது என்று. 'ஹின்ட்' என்று தொடங்கும் குறிப்பு வரிகள் ஏவல். ஆனால் உற்றது உரைத்தலும் உறுவது கூறலும்தான் பிழைச்செய்தியின் உயிர். என்ன நடந்துவிட்டது, இனி என்ன நடக்கும். இவ்விரண்டில்தான் கருவி தடுமாறுகிறது.

பகிர்களஞ்சியத்துக்கு வேலையை அனுப்பும்போது, இடையில் மற்றொருவர் அனுப்பியிருந்தால் கிட் ஏற்க மறுக்கிறது. முன்பெல்லாம் இதற்கு 'நான் ஃபாஸ்ட் ஃபார்வர்டு' என்ற குழூஉக்குறியை முன்னிறுத்தித்தான் செய்தி வரும். பிற்பாடு திருத்தினார்கள். உங்களிடம் இல்லாத வேலை அங்கே இருப்பதால் மறுக்கப்பட்டது, முதலில் அதை இழுத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது சொல்கிறது. நல்ல திருத்தம், உற்றது உரைத்தல். எனினும் அந்தப் பதற்றத்தில் மாணவர் கேட்க விரும்பும் ஒரே வாக்கியம் அதில் இன்றும் இல்லை. "உங்கள் வேலை பத்திரமாக உங்கள் கணினியிலேயே இருக்கிறது." இது இல்லாததால் மாணவர் இணையத்தில் தேடுகிறார். அங்கே யாரோ ஒருவர் '--ஃபோர்ஸ்' சேர்த்தால் போய்விடும் என்று எழுதி வைத்திருக்கிறார். போய்விடுகிறது, மற்றவருடைய வேலை. உறுவது கூறல் இல்லாத குறை இது.

இந்தத் தொழிலில் நாங்கள் கண்ட மிகச் சிறந்த பிழைச்செய்தி கணினியில் இல்லை. எங்கள் மாணவர் ஒருவரின் தாயார் காலணித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறார். அப்பர் தைத்து வரும்போது தையல் தப்பியிருந்தாலோ, தோலில் வடு இருந்தாலோ, அவர் செய்வது ஒன்றுதான். சிவப்பு நிறத்தில் நகக்கண் அளவு அம்புக்குறி ஒட்டி, அதன் நுனி சரியாகக் குறையின்மேல் படும்படி வைத்துத் திருப்பி அனுப்புவார். "வெறுமனே ரிஜெக்ட்னு எழுதி அனுப்புனா தைக்கிற பொண்ணு என்ன பண்ணுவா? முழுசா பிரிச்சுத்தான் பாக்கணும். அவளுக்கும் நாளு போவும், தோலும் போவும்" என்றார். அவருக்குத் தெரிந்த இந்தச் சேதியை அமெரிக்காவில் பென் ஷ்னைடர்மன் 1982இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். செய்தி குறிப்பாக இருக்கவேண்டும், செய்யத்தக்க வழி சொல்லவேண்டும், 'ஃபேட்டல்', 'இல்லீகல்' முதலிய அச்சுறுத்தும் சொற்கள் கூடா என்பது அவர் வாதம். நாற்பது ஆண்டு கடந்தும் கிட் தன் மறுப்புகள் பலவற்றை 'ஃபேட்டல்' என்றே தொடங்குகிறது. அதன் நிரலுக்குள் இந்தச் செய்தியை வெளியிடும் பகுதியின் பெயரே 'டை', அதாவது செத்துப்போ. சாவது நிரல்தான், ஆனால் திரைமுன் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது தன்னைச் சொல்வதாகவே படுகிறது.

எல்ம் என்றொரு நிரல்மொழியை உருவாக்கிய எவான் சப்லிக்கி, 2015இல் அதன் பிழைச்செய்திகளை மனிதர் பேசுவது போல மாற்றி எழுதினார். நிரலில் பிழை நேர்ந்த வரியையே எடுத்துக்காட்டி, 'நான் இதைத் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை, ஒருவேளை இவற்றுள் ஒன்றோ' என்று அது பேசும். ரஸ்ட் முதலிய மொழிகளும் அவ்வழியில் சென்றன. போற்றத்தக்க முயற்சி. ஆனால் அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் அந்த 'நான்' உறுத்தும். தமிழுக்கு அந்த 'நான்' தேவையும் இல்லை. 'கிடைக்கவில்லை' என்ற சொல்லைப் பாருங்கள். அதில் திணையில்லை, பாலில்லை, இடமில்லை. யார் குற்றம் என்று அது கேட்பதே இல்லை. குற்றம் சாட்டாமல் இல்லாமையை மட்டும் சொல்லும் இத்தகைய வினைமுற்று கையில் இருக்கும்போது, பிழைச்செய்திக்குத் தமிழைப்போல வாய்த்த மொழி அரிது என்று நாங்கள் நினைக்கிறோம். (மிகைபடக் கூறுகிறோமோ? இருக்கட்டும்.)

அப்படியிருந்தும் நம் கணினித் தமிழ் ஏன் பேருந்து நிலைய அறிவிப்புப் பலகையாக ஒலிக்கிறது? 'உள்ளிடவும்', 'சரிபார்க்கவும்', 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று எல்லாவற்றிலும் ஒரு '-வும்'. வரிசையில் நிற்கவும், எச்சில் துப்பாதீர் என்பவற்றின் குரல் அது. 'செய்க' என்னும் வியங்கோள் கம்பீரமானது, ஆனால் கருவி நம்மை வாழ்த்துவது போலவோ சபிப்பது போலவோ ஆகிவிடுகிறது. ஆபத்தில்லாத இடத்தில் 'செய்யலாம்' என்றும், வேலை தொலையப் போகும் இடத்தில் 'இப்போதே செய்துவிடுங்கள்' என்றும் எழுதினால் என்ன? எங்கள் மாணவி அன்று திரையில் 'இப்போதே' என்ற ஒரு சொல்லைக் கண்டிருந்தால் போதுமாயிருந்தது.

மொழிபெயர்ப்போரை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. 2012 சனவரியில் வெளிவந்த 1.7.9ஆம் பதிப்பில் இருந்து கிட் தன் செய்திகளைப் பிறமொழிகளில் காட்டும் ஏற்பாட்டைக் கொண்டிருக்கிறது. சீனம், செருமன், பிரெஞ்சு, வியட்நாமியம் என்று பல மொழியினர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மூலச்செய்தியை எழுதுபவர் ஆங்கிலத்தின் சொல்வரிசையை மனத்தில் வைத்து எழுதுகிறார். 'முடியவில்லை' என்பதை ஒரு துண்டாகவும், 'திறக்க', 'எழுத' என்பவற்றை வேறு துண்டுகளாகவும், கோப்பின் பெயரை மூன்றாவது துண்டாகவும் வைத்து ஒட்டினால் ஆங்கிலத்தில் வாக்கியம் வந்துவிடும். வினை இறுதியில் நிற்கும் மொழியில் அந்த ஒட்டு பிய்ந்துபோகும். வாக்கியத்தைத் துண்டாடாதீர், முழுதாகத் தாருங்கள் என்று மொழிபெயர்ப்புக் கருவிகளின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

தமிழுக்கு இதற்குமேலும் ஒரு சிக்கல், வேற்றுமை உருபு. கோப்பின் பெயர் என்னவென்று முன்கூட்டித் தெரியாது. தெரியாத பெயரோடு 'ஐ' உருபை எப்படிச் சேர்ப்பது? 'பட்டியல்' ஆனால் 'பட்டியலை', 'குழி' ஆனால் 'குழியை', 'மரம்' ஆனால் 'மரத்தை'. உடம்படுமெய்யும் சாரியையும் கருவிக்குத் தெரியாது. ஆகவே பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடம் விட்டுத் தனியே 'ஐ' என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்கச் சகிக்காது. இதற்கு விடை நம் உரைநடையிலேயே இருக்கிறது: 'குழி என்னும் கோப்பைத் திறக்க முடியவில்லை'. உருபு தெரிந்த சொல்லின்மேல் ஏறிக்கொள்ளும். தெரியாத பெயர் தொல்லையின்றி நிற்கும். 'என்னும்' என்ற இந்தச் சிறு சொல் கணினித் தமிழுக்குச் செய்யக்கூடிய தொண்டைத் தமிழ்த்துறையினர் யாராவது எழுத வேண்டும்.

எங்கள் துறையிலேயே மறுப்புகள் எழுந்தன. 'பிள்ளைகள் ஆங்கிலம் கற்கட்டும், இப்படி ஊட்டிவிட்டால் வேலைக்குப் போன இடத்தில் திண்டாடுவார்கள்' என்பது ஒன்று. கற்கட்டும், மறுக்கவில்லை. கற்றுக்கொண்டிருக்கும்போதே நாற்பது சொற்கள் தொலையக்கூடாது என்கிறோம், அவ்வளவே. மற்றொரு மறுப்பு வலுவானது. ஆங்கிலச் செய்தியை அப்படியே இணையத்தில் இட்டால் ஆயிரம் பேர் விடை எழுதியிருப்பார்கள். தமிழ்ச் செய்தியை இட்டுத் தேடினால் யார் வருவார்? கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. தமிழிலேயே நிரலெழுத 'எழில்' மொழி வந்தது. இருந்தும் தேடுபொறியில் ஆங்கிலத்துக்கு எதிரே நாம் இன்னும் சிறு கூட்டம். இதை ஒப்புக்கொள்ளாமல் பேசுவது மொழிப்பற்று ஆகலாம், உதவி ஆகாது.

ஆகவே நாங்கள் சொல்வது முழுத் தமிழாக்கம் அன்று. கிட்டின் செய்திகளில் தீர்ப்பு வரி ஒன்று, குறிப்பு வரிகள் சில என்று இரு பகுதி உண்டு. தீர்ப்பு வரி ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். அது தேடுவதற்கான முகவரி. குறிப்பு வரிகளும், தலை துண்டான நிலையில் வரும் எச்சரிக்கையும் தமிழில் இருக்கட்டும், அவை மனிதருக்கானவை. தொழில்நுட்பத்தில் இதற்குத் தடையில்லை. மொழிபெயர்க்காமல் விட்ட வரியை இந்த ஏற்பாடு தானாகவே ஆங்கிலத்தில் காட்டிவிடும். தமிழ்ச் செய்திகளில் ஈடுபட்டிருப்போரும் ஈடுபடப் போவோரும், ஆயிரக்கணக்கான வரிகளையும் முடித்துவிடும் கணக்கை விட்டு, வேலை தொலையும் இடங்களில் வரும் ஐம்பது செய்திகளை முதலில் நல்ல தமிழில் எழுதினால் போதும் என்பது எங்கள் எண்ணம். நூறு விழுக்காடு தமிழாக்கம் என்ற பெருமிதம் பட்டியல்களில் அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

உதவுகிறேன் என்று கட்டளையைக் கையில் கொடுத்துவிடுவதிலும் ஆபத்து உண்டு. 2022இல் ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்தபோது, வேறொருவருக்கு உரிய கோப்புறைக்குள் கிட் வேலை செய்ய மறுக்கத் தொடங்கியது. மறுக்கும்போதே, இதை நம்பத்தக்கதாகக் குறிக்க இக்கட்டளையை இடுக என்று முழுக் கட்டளையையும் எழுதிக்காட்டுகிறது. பலரும் பொதுவாகப் பயன்படுத்தும் எங்கள் கணினிக்கூடத்தில் இது அடிக்கடி வரும். மாணவர்கள் ஏன் என்று கேட்காமல் நகலெடுத்து ஒட்டுகிறார்கள். காவற்காரர் கதவை மறித்துக்கொண்டு, சாவி வைத்திருக்கும் இடத்தையும் சொல்லிவிடுவது போல. இதைவிட, 2019 ஆகஸ்டில் 2.23ஆம் பதிப்பில் செய்தது சிறப்பு. 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை இரு வேறு வேலைகளைச் செய்து குழப்பியதால் 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். புதிய 'ஸ்விட்ச்' கட்டளை, நீங்களாக வெளிப்படையாகக் கேட்டாலன்றித் தலை துண்டான நிலைக்குள் விடுவதில்லை. எங்கள் மாணவிக்குப் பழைய கட்டளைதான் சொல்லித்தரப்பட்டிருந்தது. அது கருவியின் குற்றமன்று, எங்கள் பாடக்குறிப்பின் குற்றம்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அத்தொகையில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் அப்படியே காலியாக நிற்கின்றன. 269ஐ 267 ஆக்கி இடைவெளியை மூடவில்லை. சிதைந்த அடிகள் உள்ள பாட்டுகளில் சிதைவின் இடத்தில் புள்ளிகள் இருக்கும். எவ்வளவு தொலைந்தது, எந்த இடத்தில் தொலைந்தது என்று பிற்காலத்து வாசகருக்குச் சொல்லும் செய்தி அது. தொலைந்ததைத் தொலைந்தது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் மரபில் வந்தவர்கள், 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயற்சிக்கவும்' என்ற கைப்பேசிச் செயலிகளின் தமிழை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம் என்பதே வியப்பு. நன்னூலார் நூற்குற்றங்களுள் குன்றக்கூறலையும் மயங்கவைத்தலையும் சேர்த்தார்; அந்த ஒரு வாக்கியம் இரண்டுக்கும் இலக்கியம்.

அந்த மாணவி திரும்பி வந்துவிட்டாள். மீட்ட நாற்பது சொற்களும் இப்போது முதன்மைக் கிளையில் இருக்கின்றன. கணினிக்கூடச் சுவரில் அவளும் நண்பர்களுமாக ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறார்கள். அடிக்கடி வரும் நான்கு செய்திகள், மேலே ஆங்கில வரி, கீழே அவர்கள் எழுதிய தமிழ். தலை துண்டான நிலைக்கு அவர்கள் எழுதியது இது: "நீங்கள் பழைய ஏட்டில் நிற்கிறீர்கள். பார்க்கலாம். எழுதப் போகிறீர்கள் என்றால் முதலில் புதிய கிளை ஒன்று அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எழுதியது கிளையில் சேராது." 'கிளை' என்பதா 'பிராஞ்ச்' என்பதா என்று இரண்டு வாரம் சண்டை நடந்து, கிளை வென்றது. நான்காவது செய்திக்குக் கீழே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. ரெஃப்ஸ்பெக்குக்கு என்ன எழுதுவது என்று அவர்கள் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வாக்கியத்தை எழுதலாம் என்கிறார் எங்களில் ஒருவர். மற்ற இருவருக்கும் அது இன்னும் முழுதாக உடன்பாடில்லை.